ஸ்கிரப்பர் கோபுரம்: அகலம் காற்றுக்கு, உயரம் இரசாயனத்துக்கு, மிஞ்சும் தண்ணீர் எங்கே?

"நாற்றம் வருகுது என்று அயலில முறைப்பாடு, ஸ்கிரப்பர் ஒன்று போடச் சொல்லுறாங்க, எத்தனை அடி உயரத்துக்கு அடிக்கிறது?" இந்தக் கேள்வியை வாழைச்சேனைப் பக்கமும் கல்முனைப் பக்கமும் பல தடவை கேட்டுவிட்டேன். கேட்பவர்கள் பொதுவாகச் சிறு தொழில் செய்பவர்கள், கையில் ஓரளவு காசும் தலையில் நிறைய நெருக்கடியும் இருக்கும், வெல்டிங் பட்டறைக்காரரும் பக்கத்திலேயே நிற்பார். உயரத்தைச் சொன்னால் அவர் நாளைக்கே தகட்டை வளைத்துவிடுவார். ஆனால் உயரம் கணக்கின் கடைசிப் பக்கத்தில் வருகிற விடை. அதற்கு முன்னால் மூன்று நான்கு கேள்விகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை அநேகமாக யாரும் கேட்பதேயில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாதனம் என்ன என்று பார்ப்போம். ஸ்கிரப்பர் என்பது அழுக்குக் காற்றைக் கழுவும் நிமிர்ந்த உருளை ஒன்று. அதற்குள் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் வளையங்கள் கொட்டிக் கிடக்கும், இதைத்தான் பேக்கிங் என்கிறார்கள். அழுக்கு வாயு கீழிருந்து மேலே போகும், தண்ணீரோ அமிலமோ காரமோ மேலிருந்து வளையங்களை நனைத்தபடி கீழே வழியும். வாயுவும் திரவமும் எவ்வளவு பரப்பில் தொட்டுக்கொள்கின்றனவோ அவ்வளவுக்குக் கழுவல் நடக்கும். வளையங்களின் வேலை அந்தப் பரப்பைக் கொடுப்பது மட்டும்தான். கையளவு பெரிய 50 மில்லிமீட்டர் வளையங்களை ஒரு கன மீட்டர் கொட்டினால் ஏறத்தாழ 100 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், நாலு பேர்ச் காணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனை பழையது. 1836இல் இங்கிலாந்தில் வில்லியம் கொசேஜ் என்பவர், சலவைச் சோடா தயாரிக்கும் ஆலையிலிருந்து வெளியேறிய ஐதரசன் குளோரைட்டு வாயு சுற்றியிருந்த மரஞ்செடிகளை எல்லாம் கருக்கியபோது, பாவிக்காமல் கிடந்த காற்றாலைக் கோபுரம் ஒன்றுக்குள் செடிக் குச்சிகளை நிரப்பி, மேலிருந்து தண்ணீர் விட்டு வாயுவைக் கீழிருந்து அனுப்பினார். வாயு கரைந்தது. 1863இல் வந்த சோடா ஆலைச் சட்டம், இந்த வாயுவில் 95 வீதத்தையாவது பிடிக்க வேண்டும் என்று எல்லா ஆலைகளுக்கும் சொன்னது. காற்று தெளிந்தது, சரி. ஆனால் பிடித்த அமிலத் தண்ணீர் பக்கத்து ஓடைகளிலும் ஆறுகளிலும் போய் விழுந்தது, மரங்களை விட்டு மீன்களைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து வெளுக்கும் தூள் செய்யத் தொடங்கிய பிறகுதான் வீசியெறிந்த பொருளுக்கு ஒரு விலை வந்தது. கிட்டத்தட்ட 190 வருடங்களுக்கு முந்திய இந்தக் கதையில் எங்கள் ஊருக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது: ஸ்கிரப்பர் எதையும் அழிப்பதில்லை, காற்றில் இருந்ததைத் தண்ணீருக்கு மாற்றுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

மட்டக்களப்பில் இதைக் கேட்காமல் விட முடியாது. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாங்கள் குடியிருப்பது ஒரு மணல் பட்டி. சில அடி தோண்டினால் கிணற்றில் தண்ணீர், அதே மணலில் கொஞ்சம் தள்ளி மலசலகூடக் குழி. மேலே ஊற்றியது எதுவும் வடிகட்டப்படாமல் கீழே போய்விடும். வாவியோ 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது, ஆழம் குறைவு, முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும் மாதங்களில் கடலோடு தொடர்பே இல்லை. அந்த மாதங்களில் உள்ளே விட்டது உள்ளேயேதான் சுற்றும். இறாலும் மீனும் பிடித்து வாழும் குடும்பங்கள் இரண்டு கரையிலும் இருக்கும்போது, காற்றைச் சுத்தம் செய்தோம் என்று சொல்லி வாவிக்குள் குழாயைத் திருப்புவது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத காரியம்.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, மீன் கழிவையும் கோழி எருவையும் சேர்த்து மூடிய கொட்டகைக்குள் உரமாக்கும் ஓர் இடத்தை வைத்துக்கொள்கிறேன். எங்கள் கரையோரத்துக்குப் பொருத்தமான தொழில், மூலப்பொருள் இரண்டும் வேண்டிய அளவு கிடைக்கும், நாற்றமும் அப்படியே. கொட்டகையிலிருந்து மணிக்கு 3,000 கன மீட்டர் காற்றை இழுத்து வெளியே விட வேண்டும், அதில் அமோனியா 500 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 500 பங்கு. மூச்சுக்கு இது எவ்வளவு மோசம் என்றால், எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை 25 பிபிஎம், 300 என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்பட்ட அளவு. வெளியே போகும்போது 5 பிபிஎம் ஆக வேண்டும் என்று வைப்போம். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைப் பிடிக்க வேண்டும்.

இந்த 500 எங்கிருந்து வந்தது என்பதில்தான் அநேகம் பேர் சறுக்குகிறார்கள். ஓர் இடத்தில் நானே காலை எட்டு மணிக்குப் போய் அளந்து, குறைவான ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு வந்து, அதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். குவியலை அவர்கள் புரட்டுவது பின்னேரம். புரட்டும்போது அறுபது பாகைக்கு மேல் சூடாகிக் கிடந்த உட்பக்கம் வெளியே வரும், அமோனியா ஒரே வீச்சாக எழும்பும், அயலவர்கள் முறையிட்டதும் அந்த நேரத்தைத்தான். நான் அளந்தது முறைப்பாடே இல்லாத நேரத்துக் காற்று. அமில பம்ப் சிறியதாகப் போய்விட்டது, பிறகு மாற்ற வேண்டி வந்தது. ஆகவே அளப்பதாயிருந்தால் ஒரு நாள் முழுக்க இருந்து, தொழில் எப்போது உச்சத்தில் நடக்கிறதோ அப்போது அளக்க வேண்டும்.

இனி எடையாக மாற்றுவோம். 32 பாகையில் 3,000 கன மீட்டர் காற்று என்றால் ஏறத்தாழ 120 கிலோமூல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு). அதில் 500 பிபிஎம் என்றால் 0.06 கிலோமூல், அமோனியாவின் மூலர் திணிவு 17 (ஒரு கிலோமூலின் எடை 17 கிலோ), ஆக மணிக்கு ஒரு கிலோ அமோனியா. இந்த ஒரு கிலோவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

அகலத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு கிலோ இல்லை, அந்த 3,000 கன மீட்டர். காற்று மேலே போகும் வேகம் கூடக் கூட, கீழே வழியும் திரவத்தை அது தாங்கிப் பிடிக்கத் தொடங்கும். ஒரு கட்டத்தில் திரவம் இறங்கவே முடியாமல் வளையங்களுக்கு இடையில் தேங்கி, கோபுரம் குளமாகி, நுரையும் தண்ணீருமாக மேலே புகைபோக்கியால் கொட்டும். வெள்ளப்பெருக்கு நிலை என்று இதைச் சொல்வார்கள். 50 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வளையங்களோடு, மணிக்கு 8 கன மீட்டர் திரவத்தைச் சுற்றவிட்டால், இந்த நிலை விநாடிக்கு இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலே வரும். அதில் பாதி வேகத்தில் ஓடுவது எனக்குப் பிடித்த இடம். கோபுரத்தின் உள்விட்டம் 0.9 மீட்டர் என்று வைத்தால் பரப்பு 0.64 சதுர மீட்டர், வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர். மூன்றடி விட்டம் என்று பட்டறையில் சொல்லிவிடலாம். எழுபது வீதம் வரைக்கும் போகலாம் என்று புத்தகங்கள் இடம் தரும், கோபுரம் சிறுக்கும், செலவும் குறையும். ஆனால் எங்கள் ஊர்களில் தொழில் கொஞ்சம் பெருத்தால் புதுக் கோபுரம் கட்டமாட்டார்கள், காற்றாடியைப் பெரிதாக்குவார்கள். 3,000 கன மீட்டருக்குக் கட்டிய இதில் ஒருவர் 6,000 தள்ளினால் வேகம் 2.6 மீட்டர் ஆகிவிடும், நேரே வெள்ளப்பெருக்குக்குள் போய் நிற்கும். அந்த ஆசைக்கு கொஞ்சம் இடம் விட்டுத்தான் நான் அகலத்தை எடுப்பேன்.

எட்டு கன மீட்டர் திரவம் ஏன் என்று கேட்கலாம். ஒரு கிலோ அமோனியாவைப் பிடிக்க அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் வளையங்கள் முழுவதும் நனைய வேண்டும், காய்ந்த பிளாஸ்டிக் எதையும் பிடிக்காது. இந்த அளவு வளையத்துக்கு ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டில் மணிக்கு எட்டு, எட்டரை கன மீட்டராவது விழ வேண்டும், எங்கள் 0.64 சதுர மீட்டருக்கு ஐந்தரை கன மீட்டர் குறைந்தபட்சம். எட்டு என்றால் மனதுக்கு நிம்மதி.

அடுத்தது உயரம். இதைக் கணக்கிடும் வழியை 1935இல் சில்ற்றன், கொல்பேர்ன் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியியலாளர்கள் தெளிவாக்கினார்கள். வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எண், வளையங்கள் எவ்வளவு திறமையானவை என்பதற்கு ஓர் உயரம், இரண்டையும் பெருக்கினால் பேக்கிங்கின் உயரம். முதலாவதைக் கடத்தல் அலகுகளின் எண்ணிக்கை என்பார்கள். பிடித்த வாயு திரவத்தை விட்டுத் திரும்பி வரவே முடியாது என்றால், இந்த எண்ணிக்கை மிக எளிது: உள்ளே வரும் செறிவை வெளியே போகும் செறிவால் வகுத்து இயற்கை மடக்கை எடுங்கள், அவ்வளவுதான். உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளைக்கு ஒரு நிமிட வேலை. 1863ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட 95 வீதத்துக்கு 20இன் மடக்கை, 3. எங்கள் 99 வீதத்துக்கு 100இன் மடக்கை, 4.6. இன்னும் ஒரு ஒன்பதைச் சேர்த்து 99.9 என்றால் 6.9. கவனியுங்கள், ஒவ்வொரு கூடுதல் ஒன்பதுக்கும் அதே 2.3 அலகைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. "முழுவதும் நிற்க வேண்டும்" என்று கேட்பவர்களிடம் இந்த எண்களைக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

இதிலிருந்து இன்னொரு விடயமும் வரும். உயரம் ஒரு வீதத்தைத்தான் தருகிறது. 500 உள்ளே போனால் 5 வெளியே வரும், புரட்டும் நேரத்தில் 1,500 போனால் அதே கோபுரத்திலிருந்து 15 வரும், திரவத்தில் அமிலம் தீராமல் இருந்தால். ஆகவே உச்ச நேரத்தைத் தாங்க வேண்டியது கோபுரம் மட்டுமில்லை, அமிலத்தை ஊட்டும் சின்னப் பம்ப்பும்தான்.

ஓர் அலகுக்கு எவ்வளவு உயரம்? அமோனியாவை அமிலத்தில் பிடிக்கும்போது இந்த வளையங்களுக்கு அரை மீட்டர் அளவில் எடுத்துக்கொள்ளலாம், வளையம் விற்பவர் தரும் தரவோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 4.6 ஐ 0.5 ஆல் பெருக்க 2.3 மீட்டர், பாதுகாப்புக்குக் கூட்டி 3 மீட்டர் பேக்கிங். கீழே தொட்டி, வாயு நுழையும் இடைவெளி, மேலே தெளிப்பான், துளி பிடிக்கும் வலை எல்லாம் சேர்த்தால் ஆறு மீட்டர் அளவில் நிற்கும். அதாவது அந்த முதல் கேள்விக்கு விடை, இருபது அடி.

ஆனால் இது அமிலத்துக்கு வந்த விடை. "அமிலம் எதற்கு, அமோனியா தண்ணீரிலேயே நன்றாகக் கரையுமே, கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவோம்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். கரையும்தான். ஆனால் வெறும் தண்ணீரில் கரைந்த அமோனியா திரும்பக் காற்றுக்கு வரப் பார்த்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் அதிகமாக. வெளிநாட்டுக் கையேடுகளில் 20 பாகைக்குக் கொடுத்திருக்கும் எண்ணை எடுத்து இங்கே போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். எங்கள் தாங்கித் தண்ணீர் 32 பாகையில் நிற்கும், அந்த வெப்பநிலையில் அமோனியா வெளியே வரத் துடிக்கும் அளவு 20 பாகையில் இருப்பதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், கறுப்புத் தாங்கி வெயிலில் நின்றால், இன்னும் மேலே போகும்.

போட்டுப் பார்ப்போம். அதே 99 வீதத்துக்கு, கோட்பாட்டளவில் குறைந்தது மணிக்கு 2.7 தொன் தண்ணீர் வேண்டும், நடைமுறைக்கு அதில் ஒன்றரை மடங்கு எடுத்தால் 4.1 தொன். இதைச் சுற்றவிட முடியாது, ஒரு தடவை போனால் வெளியேதான், ஏனென்றால் அமோனியா ஏறிய தண்ணீர் திரும்ப மேலே போனால் பிடிக்காது, வெளியே விடும். கடத்தல் அலகுகள் 4.6 இலிருந்து 10.7 ஆகிவிடும், பேக்கிங் உயரம் இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு இந்த 4.1 தொன் வளையங்களை நனைக்கவே போதாது, ஐந்தரை வேண்டும் என்று மேலே பார்த்தோம். எல்லாவற்றையும் விட, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 250 மில்லிகிராம் அமோனியாவோடு. பத்தாயிரம் லிட்டர் பவுசரில் பத்து நடை. அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? வாவியில் விட்டால், சூடான, சற்றுக் காரமான தண்ணீரில் அமோனியா மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. மணலில் விட்டால் கிணறு. வயலுக்கென்றால் அவ்வளவு தண்ணீரை நாள்தோறும் வாங்கும் வயல் எங்கே இருக்கிறது?

அமிலத்தின் பக்கம் என்ன நடக்கிறது? சல்பூரிக்கமிலத்தோடு அமோனியா சேர்ந்தால் அமோனியம் சல்பேற்று, அது திரும்பி வராது. ஒரு கிலோ அமோனியாவுக்கு 2.9 கிலோ அமிலம், கிடைப்பது ஏறத்தாழ 4 கிலோ அமோனியம் சல்பேற்று. திரவம் சுற்றிச் சுற்றி வரும், உப்பு 20 வீதம் ஆனதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கலாம், மணிக்கு 18 லிட்டர். ஒரு நாளைக்கு 430 லிட்டர். ஓர் இலட்சம் எங்கே, 430 எங்கே! அதற்குள் ஏறத்தாழ 95 கிலோ அமோனியம் சல்பேற்று இருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மூட்டை உரம். 21 வீதம் நைதரசன் உள்ள இந்த உரத்தை வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் வயல் செய்கிறவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த உரக் கொட்டகை நாற்றமாக வெளியே விட்டுக்கொண்டிருந்ததே தன்னுடைய சரக்கின் நைதரசனைத்தான், கோபுரம் அதைப் பிடித்துத் திரும்பத் தருகிறது. முதிர்ந்து ஆறிய உரத்தில் இந்தக் கரைசலைத் தெளித்துக் கலக்கலாம். சூடாக, காரமாக இருக்கும் புதுக் குவியலில் மட்டும் ஊற்றக்கூடாது, பிடித்த அமோனியா மறுபடி எழும்பிவிடும்.

அமிலம் ஆபத்தான பொருள், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எழுபது கிலோவுக்கு மேல் தேவைப்படும், கான் கானாக வரும், கையாளுகிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் பக்கத்திலேயே ஓடும் தண்ணீரும் வேண்டும், எப்போதும் அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக்கூடாது. சுற்றும் திரவத்தின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 4க்கும் 5க்கும் இடையில் நின்றால் போதும், அதற்கும் கீழே கொண்டுபோனால் அமிலம்தான் வீண். உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம், பற்றரி கடைக்காரர் பாவிக்கும் அடர்த்திமானி போதும்: 20 வீதக் கரைசல் 1.115 அளவில் காட்டும். அதைத் தாண்டிக் கண்டபடி ஏறவிட்டால் வளையங்களில் உப்புப் படிந்து இறுகும். கச்சான் காலத்தில் உள்ளே வரும் காற்று வறண்டிருந்தால் திரவத்திலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அப்போது தண்ணீர் சேர்க்க மறந்தால் இதுதான் நடக்கும்.

கட்டுவதைப் பற்றி. எங்கள் கரையில் பைபர் போட் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன, அந்தக் கைகளுக்கு இந்தக் கோபுரத்தைச் செய்வது பெரிய வேலையே இல்லை. ஆனால் போட்டுக்கு ஊற்றும் சாதாரண ரெசின் வேறு, அமிலத்துக்கு வினைல் எஸ்டர் ரெசின் வேறு, இதை முதலிலேயே பேசி வாங்கிக் கொடுக்க வேண்டும். கல்வனைஸ் தகடு வேண்டவே வேண்டாம். பித்தளைத் தெளிப்பான் போட்டால் அமோனியா அதைத் தின்றுவிடும், பிளாஸ்டிக்தான் சரி. காற்றாடியைக் கோபுரத்துக்குப் பின்னால் வையுங்கள், அப்போது எங்காவது இடுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், உள்ளிருக்கும் நாற்றம் வெளியே வராது. பேக்கிங், வலை, குழாய் எல்லாம் சேர்த்து 120 மில்லிமீட்டர் நீரழுத்தம் வரைக்கும் இழுக்க வேண்டியிருக்கும், 2.2 கிலோவாற்று மோட்டர் போதும்.

இனிச் சொல்லப்போவது எந்தக் கணக்கிலும் தெரியாதது, ஆனால் நான் பார்த்த கோபுரங்களில் சரியாக வேலை செய்யாதவை அநேகமாக இதனால்தான். திரவம் மேலே எல்லா இடத்திலும் சமமாக விழ வேண்டும். ஓர் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் குறையவில்லை என்று கூப்பிட்டார்கள். மேல் மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு பாதி வளையங்கள் பளபளவென்று நனைந்து கிடக்கின்றன, மறுபாதியில் தூசி. மணல் நிலத்தில் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, கோபுரம் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்திருந்தது. தண்ணீர் தாழ்ந்த பக்கமாகவும் காற்று காய்ந்த பக்கமாகவும், ஒன்றையொன்று தொடாமலே போய்க்கொண்டிருந்தன. தூக்குக்குண்டு வைத்து நிமிர்த்தி, தெளிப்பானை மாற்றியதும் அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கோபுரத்துக்கு உயரம் கூட்டச் சொல்லி ஏற்கனவே யாரோ ஆலோசனை சொல்லியிருந்தார்கள், காசும் ஒதுக்கியிருந்தார்கள்.

அத்திவாரம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த ஊர் இது. ஆறு மீட்டர் உயரத்தில், பாரம் குறைந்த, காற்றை நன்றாக வாங்கும் உருளை ஒன்றை நான்கு போல்ட்டில் நிறுத்திவிட்டு வரக்கூடாது.

ஒரு கண்ணாடிக் குழாயோ தெளிவான பிளாஸ்டிக் குழாயோ 'ப' வடிவத்தில் வளைத்து, நிறத் தண்ணீர் விட்டு, பேக்கிங்கின் கீழும் மேலும் இணைத்து வைத்தால் அழுத்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் எவ்வளவு என்று சுவரில் எழுதி வையுங்கள். கூடிக்கொண்டே போனால் அடைக்கிறது, திடீரென்று குறைந்தால் தண்ணீர் விழவில்லை. சில நூறு ரூபாய் வேலை.

எல்லா வாயுவுக்கும் இந்தக் கோபுரம் சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் உமி எரிக்கும் புகைக்கு இதைப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உமிச் சாம்பல் வளையங்களுக்குள் சேறாகி, சில கிழமைகளிலேயே அடைத்துவிடும், தூசுக்கு வேறு சாதனங்கள் இருக்கின்றன. மீன் கழிவில் வரும் கெட்ட மீன் நாற்றமான அமீன்களை அமிலம் பிடிக்கும், ஆனால் அழுகிய முட்டை நாற்றமான ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்காது, அதற்குக் காரக் கரைசல் உள்ள இரண்டாவது கோபுரம் வேண்டும். அந்த இரண்டாவதில் வெளுக்கும் திரவம் பாவிப்பதாயிருந்தால் இரண்டு கோபுரத் திரவங்களும் எந்த வழியிலும் கலக்கக்கூடாது, கலந்தால் குளோரின் வாயு எழும்பும்.

குளிராக்க அமோனியா பாவிக்கும் ஐஸ் தொழிற்சாலைக்காரர்களும் அமோனியா என்றதும் இதைக் கேட்பார்கள். அங்கே மணிக்கு ஒரு கிலோ போகிறதென்றால் போட வேண்டியது கோபுரம் இல்லை, கசிவை அடைக்க வேண்டும். பாதுகாப்பு வால்வு திறந்து ஒரே மூச்சில் கொட்டும் அமோனியாவுக்கும் இந்தக் கணக்கு உதவாது, அதற்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் குழாயை இறக்கும் முறை ஒன்று இருக்கிறது: அந்த ஒரு மணி நேரத்தில் வெளிவரக்கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் எட்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் சிலிண்டர் கசிந்தால் பிடிக்க வைத்திருக்கும் காஸ்டிக் சோடாக் கோபுரத்திலும் அப்படித்தான், உயரத்தை விடத் தொட்டியில் காரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ குளோரினுக்கு 1.13 கிலோ காஸ்டிக் சோடா, 900 கிலோ சிலிண்டர் முழுவதும் கசிந்தால் ஒரு தொன்னுக்கு மேல். வருடக்கணக்கில் ஓடாமல் நிற்கும் அந்தக் காரம் காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டை வாங்கி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும், இடைக்கிடை சோதிக்க வேண்டும்.

திரும்ப அந்த 430 லிட்டருக்கு வருகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்குப் போகும்போது புகைபோக்கியால் என்ன போகிறது என்பதோடு குழாயால் என்ன போகிறது என்பதற்கும் விடை வேண்டும். அந்த விடையைக் கோபுரம் கட்டி முடித்த பிறகு தேடினால் கிடைப்பதில்லை. உரக் கரைசலை எல்லா நாளும் யாரும் வாங்கமாட்டார்கள். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் வயல் சும்மா கிடக்கும், மாரி மழை கொட்டும் கிழமைகளில் உரக் குவியலே ஈரத்தில் ஊறிக் கிடக்கும், கரைசலைக் கலக்க முடியாது. ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும் என்று பார்த்தால் 13,000 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர்த் தாங்கிகள் பதின்மூன்று, மழை விழாமல் கூரைக்குக் கீழே, ஒன்று வெடித்தாலும் மணலுக்குள் போகாதபடி சுற்றிவரச் சீமெந்துக் கட்டோடு. மூன்றடி விட்டமுள்ள கோபுரத்தை விட அந்தக் கூரைதான் பெரிய இடம் கேட்கும். ஆகவே இப்போதெல்லாம் யாராவது உயரம் கேட்டு வந்தால் காணியின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். கிணறு எங்கே, அயல் வீட்டுக் கிணறு எங்கே, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும் என்று குறித்து, பதின்மூன்று தாங்கிகளுக்கும் இடம் கண்ட பிறகுதான் கோபுரத்தின் வட்டத்தைப் போடுகிறேன்.